கார்டு சேட்டை என்று சொல்லிப் பழகினோம்

டிசைன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். மெஷின் வரைகிற கம்ப்யூட்டருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்? ஒரு பெயரைச் சொன்னால் எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள் போலிருந்தது. பெயர் சொல்ல என்னால் முடியாது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இன்று நான் சொல்லும் கார்டு அடுத்த தீபாவளிக்குக் கடையிலேயே இருக்காது. அதனால் நான் தப்பாக வாங்கிய ஒரு கார்டைப் பற்றிச் சொல்கிறேன். அது உங்களுக்குக் கொஞ்ச நாள் உபயோகப்படும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் பெண் பிள்ளை என்றால் டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ். அம்மா டீச்சர், இரண்டு அக்காமாரும் நர்ஸ். நான் பாலிடெக்னிக்கில் சேருகிறேன் என்றபோது சர்ச்சில் எல்லோரும் அம்மாவிடம்தான் துக்கம் விசாரித்தார்கள். படித்து முடித்து, சூலக்கரைப் பக்கம் இருக்கும் இந்தக் கம்பெனியில் பென்சிலும் பலகையுமாக வேலைக்குச் சேர்ந்தேன். அச்சகங்களுக்கும் தீப்பெட்டி ஆபீஸ் என்று இங்கே சொல்லும் தொழிற்சாலைகளுக்கும் பட்டாசு ஆலைகளுக்கும் மெஷின் செய்து கொடுப்பதுதான் அன்றும் இன்றும் நம் தொழில். ஓய்வு பெறும்போது டிசைன் பிரிவுக்குத் தலைவியாக இருந்தேன். ஆபீசில் எல்லோருக்கும் எஸ்தரக்கா.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நம்மிடம் ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. மெஷின்கள் பெரிதாகிக்கொண்டே வந்ததால் கம்ப்யூட்டர்கள் திணறின. ஒரு முழு மெஷினைத் திறந்து திருப்பிப் பார்ப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். புதுக் கார்டு போட முடிவானது. முதலாளி பொறுப்பை என்னிடம் விட்டார்.

விருதுநகரில் நாங்கள் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் நல்ல மனிதர். டிசைன் வேலைக்கென்றே செய்த கார்டு ஒன்றின் விலையைக் கேட்டேன். சொன்னார். பிறகு இன்னொரு பெட்டியை மேஜைமேல் வைத்தார். மேலே நெருப்புப் பறக்கும் ஒரு வண்டியின் படம்.

"மேடம், நீங்க கேக்குற கார்டும் இதும் உள்ள ஒரே சிப்புதான். அதுல டிசைன் வேலைக்குன்னு பேர் போட்டு மூணு மடங்கு விலை வைக்காங்க. இதுல பயலுக கார் ரேஸ் ஓட்டுறாங்க, ஒரு இடத்துல தட்டாது. உங்க மெஷின் என்ன, அந்த வேகத்துலயா ஓடப் போகுது?"

நான் சிரித்தேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதை இன்றைக்கும் சொல்வேன். ஆபீசுக்கு வந்து இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை போட்டேன். நினைவகம் எவ்வளவு, வேகம் எவ்வளவு. எல்லாக் கட்டத்திலும் விளையாட்டுக் கார்டுதான் ஜெயித்தது. முதலாளி அட்டவணையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "டீச்சர் வீட்டுப் பிள்ளை கணக்குப் போட்டாச் சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். ஆறு கார்டு வந்தது.

கார்டு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நுழையவில்லை. அவ்வளவு நீளம். ஒர்க்‌ஷாப்பிலிருந்து தகடு வெட்டும் கத்திரியை வாங்கி வந்து, ஆறு பெட்டிகளிலும் உள்ளே டிஸ்க் மாட்டுவதற்கு இருந்த ஒரு கூண்டை வெட்டி எடுத்தோம். கார்டு நீளமாக இருந்ததற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தக் கத்திரிச் சத்தத்தை நான் மறக்கவில்லை.

முதல் வாரம் எல்லோருக்கும் சந்தோஷம். திரையில் மெஷின் சக்கரம் போலச் சுற்றியது. இரண்டாவது வாரத்தில் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. மாடலைத் திருப்பும்போது ஒரு விளிம்பு காணாமல் போகும், நிறுத்தினால் வந்துவிடும். பாகத்தின் ஒரு முகத்தை, அதாவது ஒரு பரப்பை, தொட்டால் அதற்குப் பின்னால் இருக்கிற முகம் தேர்வாகும். நட்டு போல்ட்டுகளின் ஓரத்தில் ஒரு மினுங்கல் ஓடும். நிறைய பாகங்கள் சேர்த்த பெரிய அசெம்பிளி என்றால் நாளுக்கு ஒரு தடவையாவது மென்பொருளே எல்லாவற்றையும் மூடிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். விளையாட்டுக் கார்டு படத்தை வேகமாகக் காட்டுவதற்குச் செய்தது. வேகத்தில் ஒரு கோடு ஒரு கணம் மறைந்தால் விளையாடுகிற பையனுக்கு ஒன்றும் ஆகாது. டிசைன் மென்பொருள் செய்கிறவர்கள், எந்தக் கார்டு, அதை ஓட்டுகிற எந்த டிரைவர் மென்பொருள் தங்களுடையதோடு ஒத்துப்போகும் என்று சோதித்து ஒரு பட்டியல் வெளியிடுவார்கள். எங்கள் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் இருப்பது தெரிந்துதான் வாங்கினேன். அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் போடவில்லை, அவ்வளவுதான்.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். ஆறு பேரும் பழகினார்கள். கோடு மறைந்தால் கொஞ்சம் சுற்றிவிடுவது, மினுங்கினால் பெரிதாக்கிப் பார்ப்பது, கால் மணிக்கொரு தடவை சேமித்துக்கொள்வது. யாரோ அதற்கு 'கார்டு சேட்டை' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தபின் திரையில் எது விநோதமாகத் தெரிந்தாலும் அந்தப் பெயருக்குள் போய் விழுந்தது. நானும்தான் அந்தப் பெயரைச் சொன்னேன். மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னேன். கார்டை வாங்கியவள் நான் அல்லவா.

அந்த வருடம் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையிலிருந்து ஆர்டர் வந்தது. புஸ்வாணக் கூடுகளில் மருந்து நிரப்பும் மெஷின். பட்டாசுக்குள் போகும் கலவையைத்தான் இங்கே மருந்து என்போம். மேலே மருந்துத் தொட்டி, அதற்கு ஹாப்பர் என்று பெயர். அதன் அடியில் ஒரு அடைப்புத் தகடு. காகிதக் கூடுகளை அடுக்கிய தட்டு கீழே வந்து நின்றதும் அடைப்புத் தகடு நகர்ந்து திறக்கும், அளவாக மருந்து விழும், மூடிக்கொள்ளும். மெஷினை ஓட்டுகிறவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பொத்தானை அழுத்துவார். ஆனாலும் தட்டை வைக்கவும் எடுக்கவும் அறைக்குள் வந்துதான் ஆக வேண்டும்.

இப்படிப்பட்ட மெஷினில் இரும்போடு இரும்பு உரசக் கூடாது, பொறி பறந்தால் மருந்து பற்றிக்கொள்ளும். மருந்து படும் இடமெல்லாம் பித்தளை. இரும்பு இருக்கும் இடங்களில், நகரும் பாகத்துக்கும் நகராத பாகத்துக்கும் நடுவே இடைவெளி விடுவோம். இந்த அடைப்புத் தகட்டைத் தாங்கி அதோடு நகரும் இரும்புச் சட்டத்துக்கும் மேலே இருக்கும் ஹாப்பர் அடிக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தேன்.

வேலை பாதிக்குமேல் போன பிறகு, ஆலையிலிருந்து ஹாப்பரைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார்கள். பெரிதாக்கினால் வளைந்துவிடக் கூடாதே என்று அடியில் ஒரு இரும்புப் பட்டையைச் சேர்த்தேன். வரைந்தது நான்தான், என் கையால்தான். அன்று எனக்கு இன்னும் நான்கு வேலைகள் இருந்தன.

அந்த அசெம்பிளியை ஓட்டிப் பார்த்து ஒர்க்‌ஷாப்புக்கு டிராயிங் எடுக்கும் வேலை மாரீஸ்வரியுடையது. அப்போது அவள் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் இருக்கும். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துப் படிக்க வைத்த பெண். அதிகம் பேசமாட்டாள். அன்று பிற்பகலில் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு நிமிசம் வாங்களேன். ஹாப்பருக்கு அடியில ஒரு இடம் மினுங்குது."

"எல்லா இடமும்தான் மினுங்குது."

"இது வேற மாதிரி இருக்குக்கா. மத்ததெல்லாம் திருப்பினா நின்னுருது. இது அடைப்புத் தகட்ட முழுசாத் தொறந்தா மட்டும் வருது. எப்படித் திருப்பினாலும் நிக்க மாட்டேங்குது."

நான் தலையைத் தூக்கவில்லை. "கார்டு சேட்டை மாரி. இடிக்குதான்னு பார்க்கிற சோதனையை ஓட்டிப் பாரு. ஒண்ணும் வரலன்னா டிராயிங்கை எடு."

அவள் போனாள். சோதனையை ஓட்டினாள். ஒரு பாகம் இன்னொன்றுக்குள் நுழைகிறதா என்று மென்பொருளே பார்த்துச் சொல்லும் சோதனை அது. "இடிக்கலைன்னுதான் வருதுக்கா" என்றாள், தூரத்திலிருந்தே. குரலில் சமாதானம் இல்லை என்பது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். டிராயிங் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டது.

மெஷின் தயாராகி நம் ஒர்க்‌ஷாப்பிலேயே வெறும் ஹாப்பரோடு இருநூறு தடவை ஓடியது. சுற்றிலும் கிரைண்டர், பிரஸ், வெல்டிங். அந்த இரைச்சலில் வெறும் மெஷின் அழகாகத்தான் ஓடியது. லாரியில் ஏற்றினோம்.

ஆலையில் சோதனை ஓட்டத்துக்கு நானும் முதலாளியும் போனோம். வாசலில் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஆலையின் போர்மேன் ஐம்பது வயதுக்காரர், மெலிந்த மனிதர். அங்கே அவர் சொல்வதுதான் சட்டம். மெஷினை ஓட்டப் போகிற முத்துலட்சுமி என்ற அம்மா தயாராக நின்றுகொண்டிருந்தார். மருந்துக்குப் பதில் ஹாப்பரில் பாதிவரை மரத்தூள் போட்டிருந்தார்கள். மதியம் ஆலை முதலாளி வருவார், மெஷினை ஒப்படைத்துவிடலாம் என்பது ஏற்பாடு. சரியாக ஓடினால் இன்னும் மூன்று மெஷின் ஆர்டர் என்று பேச்சும் இருந்தது.

பழக்கிவிடுவதற்காக எல்லோரும் அறைக்குள்ளேயே நின்றோம். முத்துலட்சுமியும் மெஷின் பக்கத்திலேயே நின்று ஓட்டினார். தட்டு வந்தது, மரத்தூள் விழுந்தது, தட்டு போனது. ஆறேழு தட்டுகள் ஓடியதும் ஹாப்பரை விளிம்பு வரை நிரப்பி இன்னொரு தட்டை ஓட்டினார்கள். எங்கள் முதலாளி என் பக்கம் திரும்பிப் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

அப்போது முத்துலட்சுமி பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.  பக்கத்தில் இருந்த கதவு வழியாக நடந்து வெளியே போனார். ஓடவில்லை. சாதாரணமாக நடந்தார். இருபது அடி தள்ளி வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

"என்னாச்சும்மா? ஏன் போயிட்டீக?" என்று எங்கள் முதலாளி உள்ளிருந்தே கேட்டார்.

"சத்தம் கேட்டுச்சு."

"என்ன சத்தம்? எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"எனக்குக் கேட்டுச்சு."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். போர்மேன் அதற்குள் அறையைவிட்டு வெளியேறியிருந்தார். "மொதல்ல எல்லாரும் வெளிய வாங்க. பேச்ச வெளிய வச்சுக்கிடுவோம்" என்றார்.

"உள்ள இருக்கது மரத்தூள்தான?" என்றார் எங்கள் முதலாளி.

"இன்னைக்கு மரத்தூளு" என்றார் போர்மேன்.

நாங்கள் வெளியே வந்தோம். வெயில் ஏறியிருந்தது. முத்துலட்சுமியிடம் எப்படிப்பட்ட சத்தம் என்று கேட்டேன். நகத்தால் தகரத்தைக் கீறுகிற மாதிரி, லேசாக, ஒரே ஒரு தடவை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, போர்மேனும் நானும் மட்டும் உள்ளே போய் மெஷினை ஓட்டினோம். அவர் குனிந்து ஹாப்பர் பக்கம் காதை வைத்துக்கொண்டார். மூன்று தட்டு. நான்கு. ஒன்றுமில்லை. ஹாப்பரை மறுபடி விளிம்பு வரை நிரப்பச் சொன்னார். அடுத்த தட்டில் எனக்கும் கேட்டது. அடைப்புத் தகடு முழுதாகத் திறந்து நிற்கும் அந்தக் கடைசி நொடியில், நகக்கீறல் போல ஒரு சத்தம்.

எந்த இடம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மாரி என் மேஜைக்கு முன்னால் நின்ற நிற்பு அப்படியே கண்முன் வந்தது.

வெளியே எங்கள் முதலாளி தணிந்த குரலில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். "லேசா உரசுது போல. ஆளை வரச் சொல்லி அரத்தால ரெண்டு இழுப்பு ராவிவிட்டா முடிஞ்சது. மதியத்துக்குள்ள சரி பண்ணிடலாம்."

"இங்கன வச்சு ராவுறதா?" என்று மட்டும் கேட்டார் போர்மேன்.

நான் வாசலுக்கு நடந்தேன். வெறுங்காலில் அந்த மண் சுட்டது. காவலாளியிடம் போனை வாங்கி, வெளியே சாலைக்கு வந்து மாரியைக் கூப்பிட்டேன்.

"மாரி, ஹாப்பர் அசெம்பிளியத் தொற. அடைப்புத் தகட்ட முழுசாத் தொறந்து வச்சுப் பாரு."

"பாக்கவே வேண்டாம்க்கா. அங்கனதான் மினுங்கும்."

"சரி, அளந்து சொல்லு. நான் சேத்த பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவுல எம்புட்டு இருக்கு?"

அவள் மௌஸைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தடவை அளந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

"சைபர்க்கா."

"ரெண்டு மில்லி இருக்கணும்."

"சைபர்தான்க்கா வருது. ரெண்டு முகமும் ஒரே மட்டத்துல நிக்குது."

அன்றைக்கே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அதற்கு உரிமை இருந்தது.

நடந்தது இதுதான். நான் சேர்த்த பட்டை, விட்டிருந்த இரண்டு மில்லியையும் தின்றுவிட்டது. இரண்டு இரும்பு முகங்கள் ஒரே மட்டத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. அப்படி நிற்கும்போது, எதை முன்னால் காட்டுவது என்று எந்தக் கார்டுக்கும் தெரியாது. மாறி மாறிக் காட்டும், அதுதான் மினுங்கல். இடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தால்தான் சொல்லும். வெறுமனே தொட்டுக்கொண்டிருந்தால், அதையும் சேர்த்துப் பார் என்று நாம் தனியாகச் சொல்லாதவரை அது இடியாகாது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஹாப்பர் காலியாக இருந்ததால் மயிரிழை இடம் கிடைத்தது. இங்கே மரத்தூளின் கனத்தில் ஹாப்பர் அந்த மயிரிழையும் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

திரும்பி உள்ளே வரும் அந்த இருநூறு அடிக்குள் நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. காரணம் இன்னும் பிடிபடவில்லை, எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறோம் என்று சொல்லலாம். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஆர்டர் தப்பிக்க வாய்ப்பு உண்டு. நான் அதை யோசித்தேன் என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

மரத்தடியில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"டிராயிங்லயே தப்பு. பட்டையும் சட்டமும் ஒண்ணையொண்ணு தொடுது. வரைஞ்சது நான்தான். எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு பாத்துச் சொன்னா, நான் கேக்கல. மெஷினை எடுத்துட்டுப் போறோம்" என்றேன்.

முதலாளி முகம் சிறுத்துவிட்டது. போர்மேன் மெஷின் பக்கம் கையைக் காட்டினார். "சரி, கழட்டுங்க. மருந்து ஏறுறதுக்கு முன்னாடி தெரிஞ்சதே, அதுவரைக்கும் நல்லது" என்றார்.

முத்துலட்சுமி என்னிடம், "திரும்பக் கொண்டாருவீகளா?" என்று கேட்டார்.

"கொண்டு வருவோம்."

"கொண்டாந்தா என்னையவே கூப்பிடச் சொல்லுங்க. எனக்குத்தான் அந்தச் சத்தம் தெரியும்."

காரில் திருத்தங்கல் தாண்டியதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அத கார்ல வச்சு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றார்.  இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "தப்பு அந்தக் கார்டு மேலயா, இல்ல..." என்று நிறுத்தினார்.

"கார்டு அந்த இடத்துல சரியாத்தான் காட்டுச்சு" என்றேன். "மத்த எல்லா இடத்துலயும் தப்பாக் காட்டிக்கிட்டே இருந்ததால, சரியாக் காட்டினப்ப நான் நம்பல."

அவர் அதை எவ்வளவு தூரம் ஏற்றுக்கொண்டார் என்று தெரியாது. எனக்கு அந்தப் பயணத்தில் ஓடிக்கொண்டிருந்தது வேறு. முத்துலட்சுமி தன் காதில் விழுந்ததை நம்பி, நாங்கள் மூன்று பேர் நிற்கும்போது அறையைவிட்டு நடந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மாரி தன் கண்ணில் பட்டதை வந்து சொன்னாள். கண்ணை நம்பாதே என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பியவள் நான்.

மறுநாள் மாரியிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அந்த வார்த்தை நம் ஆபீசில் புழக்கத்தில் இல்லாத ஒன்று. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "எங்கெங்க மினுங்குதோ எல்லாத்தையும் காட்டு" என்றேன். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தோம். மொத்தம் முப்பத்தோரு இடம். ஒவ்வொன்றையும் அளந்தோம். இருபத்தொன்பது கார்டின் சேட்டை. இரண்டு நிஜம். ஒன்று நமக்குத் தெரிந்தது. இன்னொன்று ஹாப்பருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மூடியின் ஓரம், ஆபத்தில்லாதது, அதையும் திருத்தினோம். அந்த வேலைக்கு இரண்டு முழு நாள் ஆனது.

அதற்குப் பிறகுதான் மறுபடி கார்டு வாங்கும் பேச்சு. விருதுநகர்க் கடைக்காரர் இப்போது மறுகோடிக்குப் போய்விட்டார். இருப்பதிலேயே பெரிய டிசைன் கார்டை ஆறு கம்ப்யூட்டருக்கும் போட்டுவிடச் சொன்னார். முன்பு மலிவுக்கு மயங்கியவள், இந்தத் தடவை பயத்தில் சரி என்று சொல்லியிருப்பேன். மாரிதான் கேட்டாள். "அக்கா, நம்ம ஃபைலைப் போட்டு ஓட்டிப் பாத்துட்டு வாங்க முடியாதா?"

மதுரையில் ஒரு பெரிய கடையில் சம்மதித்தார்கள். மென்பொருள்காரர்களின் பட்டியலில் இருக்கும் கார்டுகளில், பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்றை வரிசையாக வைத்திருந்தார்கள். நம்மிடம் இருந்ததிலேயே கனமான ஃபைலை எடுத்துக்கொண்டு காலையில் போனோம். மாரி உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். மௌஸைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். என் கை என் பேச்சைக் கேட்காது என்பதால் இரண்டு கையையும் கட்டிக்கொண்டேன்.

அவள் ஆபீசில் செய்கிற வேலையையே செய்தாள். திறந்தாள், திருப்பினாள், நடுவில் வெட்டிப் பார்த்தாள், குட்டி குட்டி முகங்களாகத் தொட்டுத் தேர்வு செய்தாள். சிறிய கார்டு முழு மெஷினையும் திறந்ததும் நினைவகம் நிரம்பி மூச்சு வாங்கியது. நடுத்தரக் கார்டு நன்றாக ஓடியது. பெரியதும் நன்றாக ஓடியது. இரண்டுக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"ஒனக்குத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. நம்ம வேலைக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

நடுத்தரக் கார்டை மட்டும் மதியம் ஒரு மணி வரை நிறுத்தாமல் ஓடவிட்டோம், சூடேறினால் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க. ஒரு விளிம்பும் மறையவில்லை. சரி, கிளம்பலாம் என்று நான் பையை எடுத்தபோது மாரி எழுந்திருக்கவில்லை. பென்டிரைவிலிருந்து இன்னொரு ஃபைலைத் திறந்தாள். திருத்துவதற்கு முந்தைய, அந்தப் பழைய ஹாப்பர். அதைக் கொண்டு வந்திருப்பதை அவள் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. அடைப்புத் தகட்டை மெதுவாக நகர்த்தி முழுசாகத் திறந்து வைத்தாள்.

பட்டையும் சட்டமும் சேரும் இடத்தில் மினுங்கியது.

கடைக்காரப் பையன் பதறிவிட்டான். "மேடம், ஒரு நிமிஷம், டிரைவரை மாத்திடறேன். இது சரியாயிடும்."

"மாத்தாதீங்க" என்றாள் மாரி. "அது அங்கன மினுங்கத்தான் செய்யணும்."

மாடலைச் சுற்றினாள். மற்ற எல்லாம் அசையாமல் கல் மாதிரி நின்றன. முப்பது இடங்களின் நடுவே தொலைந்துபோயிருந்த அந்த ஒன்று, இப்போது தனியாக, தூரத்திலிருந்தே தெரிந்தது. நான் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். 

நடுத்தரக் கார்டைத்தான் வாங்கினோம். அதையும் ஆறு கம்ப்யூட்டருக்கு வாங்கவில்லை. முழு மெஷினையும் திறந்து வேலை செய்கிற மூன்று பேருக்கு மட்டும். தனித்தனி உதிரிபாகம் வரைகிற மற்ற மூன்று பேருக்குப் பழைய கார்டே போதுமாக இருந்தது. டிரைவரும் பட்டியலில் எது இருந்ததோ அதுதான். புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று திரையில் செய்தி வந்தாலும் மாரி சொல்லாமல் யாரும் மாற்றக் கூடாது என்று வைத்தோம்.

திருத்திய மெஷினோடு மறுபடி விஸ்வநத்தம் போனபோது மாரியையும் அழைத்துப் போனேன். முத்துலட்சுமிதான் ஓட்டினார். ஹாப்பர் விளிம்பு வரை மரத்தூள். நாற்பது தட்டுகள் ஓடின. அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே நின்றார்.  கடைசியில் போர்மேன் அவரைத்தான் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை.

"என்ன?"

"கேக்கல" என்றார் முத்துலட்சுமி.

அதன்பிறகே போர்மேன் கையெழுத்துப் போட்டார். பேசிவைத்திருந்த மூன்று மெஷின்களில் ஒன்றுதான் எங்களுக்கு வந்தது. மற்ற இரண்டும் வேறு கம்பெனிக்குப் போயின. நான் அன்று சொன்னதற்காகத்தானா, வேறு காரணமா என்று விசாரிக்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததால் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்குவதில்லை. மரத்தூளாக இருந்ததால் நடுங்குவதில்லை என்றும் சொல்லலாம். எந்தக் கார்டு என்று என்னிடம் கேட்டவர்களே, நினைவகத்தையும் வேகத்தையும் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாருங்கள். பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஃபைலைப் போட்டு ஓட்டுங்கள். பெரியதாக இருப்பதனாலேயே வாங்காதீர்கள். இவை எல்லாம் ஒரு தாளில் அடங்கிவிடும். திரையில் ஒன்று சரியில்லை என்று யாராவது வந்து சொல்லும்போது, அதை எந்தப் பெயருக்குள்ளும் போடாமல் எழுந்து போய்ப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. உங்களுக்கும் இருக்கும்.

நான் ஓய்வு பெற்றபோது மாரி பொறுப்பேற்றாள். அவள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, கொள்முதல் படிவத்தை மாற்றியது. என் காலத்தில் அதில் மூன்று கையெழுத்து. டிசைன் தலைவி, கணக்குப் பிரிவு, முதலாளி. அவள் எல்லாவற்றுக்கும் மேலே நான்காவதாக ஒரு இடம் வைத்தாள். 'உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தவர்.' அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் மற்ற மூன்றும் செல்லாது.

போன மாதம் பேசும்போது மாரி ஒரு தகவல் சொன்னாள். புதிதாக ஒரு கார்டு வாங்குவதற்கு அவளும் முதலாளியும் சம்மதித்துவிட்டார்களாம். சேர்ந்து நான்கே மாதமான ஒரு பெண் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

"காரணம் கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன்க்கா. அவளுக்குச் சொல்லத் தெரியல. ஏதோ ஒரு இடம் சரியில்லைன்னு மட்டும் சொல்றா."

"அப்புறம்?"

"அவகூட உக்காந்து பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல."

"கார்டு?"

"திருப்பி அனுப்பிட்டேன்க்கா."

அந்தப் பெண் உங்களில் ஒருத்தி. யார் என்று மாரி சொன்னாள், நான் இங்கே சொல்லவில்லை.